வாசகர் கேள்வி, டாக்டர் பதில்: ரோபோ வச்சு ஆபரேஷன்

போன தடவை குடலிறக்கம் பத்தி எழுதும்போது நடுவுல ஒரே ஒரு வரி ரோபோ ஆபரேஷன்னு எழுதினேன், அவ்வளவுதான், அதுக்கப்புறம் வந்த கடிதாசியும் வாட்ஸ்அப்பும் பாதிக்கு மேல அதைப் பத்தியே. ஊருக்கு ஊர் போர்டு வச்சிட்டாங்க, பஸ்ல போறப்ப பாக்குறோம், வீட்ல யாருக்காவது ஆபரேஷன்னு சொன்னா சொந்தக்காரங்கள்ல ஒருத்தர் "ரோபோவுல பண்ணிடுங்க, வலியே இருக்காதாம்"ங்கிறார், இன்னொருத்தர் "மெஷினை நம்பி உசுர குடுப்பாங்களா"ங்கிறார், நடுவுல நோயாளி முழிக்கிறார். அதனால இந்தத் தடவை முழுக்க இதுதான். நான் தஞ்சாவூர்ல சர்ஜன். வயித்தைக் கிழிச்சும் பண்ணியிருக்கேன், ஓட்டை போட்டு லேப்ரோஸ்கோப்பியும் பண்றேன், ரோபோ கன்சோல்ல உட்கார்ந்து பயிற்சியும் எடுத்திருக்கேன், ஆனா என்கிட்ட ரோபோ கிடையாது, தேவைப்படுறவங்களை வெளியில அனுப்புறேன். இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா சொல்றவர் எந்த இடத்துல நின்னு சொல்றார்னு தெரிஞ்சுக்கிட்டு படிக்கிறதுதான் நல்லது.

அப்பாவுக்கு 64 வயசு. பிராஸ்டேட்ல கேன்சர், வேற எங்கயும் பரவலைன்னு ஸ்கேன்ல வந்திருக்கு. திருச்சியில ஒரு டாக்டர் ரோபோ வச்சு எடுக்கலாம்ங்கிறார். மெஷின் அறுக்கும்னா எனக்கு வேண்டாம்னு அப்பா பிடிவாதமா இருக்கார். ரெண்டு நாளா வீட்ல யாருக்கும் சாப்பாடு இறங்கல. என்ன பண்றதுன்னு தெரியல சார். (மகன், திருவையாறு)

தம்பி, அப்பாவை உட்கார வச்சு இதை முதல்ல சொல்லுங்க: அந்த மெஷின் தானா ஒரு நூல் அளவு கூட அறுக்காது. டாக்டர் அதே தியேட்டருக்குள்ள நாலஞ்சு அடி தள்ளி ஒரு பெட்டி மாதிரி இருக்கிற கன்சோல்ல தலைய சாய்ச்சு உட்கார்ந்திருப்பார், ரெண்டு கையிலயும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவுல பிடி மாட்டியிருக்கும், அவர் விரலை சேர்த்தா உள்ள இருக்கிற இடுக்கி மூடும், மணிக்கட்டைத் திருப்பினா அது திரும்பும், அவர் தலைய அந்தப் பெட்டியை விட்டு எடுத்தா எல்லாம் நின்ன இடத்துல நின்னுடும். அப்பா பக்கத்துல கைய கழுவி கவுன் போட்ட இன்னொரு டாக்டரும் நர்ஸும் நின்னுக்கிட்டே இருப்பாங்க, மயக்க டாக்டர் தலைமாட்டுல இருப்பார். ரோபோன்னு பேரு வச்சதுதான் தப்பு, நீளமான கைன்னு வச்சிருந்தா யாரும் பயந்திருக்க மாட்டாங்க.

அப்ப எதுக்கு அவ்வளவு பெரிய மெஷின்னு கேப்பீங்க. பிராஸ்டேட் இருக்கிற இடத்தைச் சொல்றேன். இடுப்பெலும்புக்கு நடுவுல, மூத்திரப்பைக்கு அடியில, ஒரு நெல்லிக்காய் அளவு, வயசானா கொஞ்சம் பெருசு. நம்ம வீட்டு பித்தளைக் குடத்துக்குள்ள கைய விட்டு அடியில கிடக்கிற நூல் முடிச்சை அவிழ்க்கணும்னு வச்சுக்குங்க, கைய விட்டா வெளிச்சம் போயிடும், வெளிச்சம் வேணும்னா கைய எடுக்கணும், அதுதான் தொப்புளுக்குக் கீழ கிழிச்சு பண்ற பழைய முறையில இருந்த கஷ்டம். லேப்ரோஸ்கோப்பி வந்து கேமராவை உள்ள விட்டதும் வெளிச்சம் பிரச்சினை தீர்ந்துச்சு, ஆனா கையில இருக்கிறது நீளமான நேர் குச்சி, ஓட்டைதான் அச்சு, ஓடக்காரர் கோல் மாதிரி நம்ம கை வலப்பக்கம் போனா உள்ள நுனி இடப்பக்கம் போகும், நுனியில மணிக்கட்டு கிடையாது. வெட்டி எடுக்கிறது கூட முடிஞ்சிடும். எடுத்தப்புறம் மூத்திரப்பை வாயையும் மூத்திரக் குழாயையும் திரும்ப வட்டமா சேர்த்துத் தைக்கணும், அந்தக் குழி அடியில, வளைஞ்ச ஊசிய வச்சு. நேர் குச்சியில அதைத் தைச்சு முடிக்கிறதுக்குள்ள கழுத்து செத்துடும். ரோபோவுல அந்த குச்சி நுனிக்கு மணிக்கட்டு உண்டு, நம்ம மணிக்கட்டை விட அதிகமாவே வளையும், டாக்டர் கை மூணு சென்டிமீட்டர் நகர்ந்தா உள்ள ஒரு சென்டிமீட்டர்தான் நகரும்னு வச்சுக்கலாம், கை நடுக்கம் உள்ள போகாது, படமும் ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா வந்து ஆழம் தெரியும், பத்து மடங்கு வரைக்கும் பெருசா தெரியும். நான் முதல் தடவை கன்சோல்ல உட்கார்ந்து பயிற்சிக்கு ஒரு ரப்பர் துண்டுல தையல் போட்டப்ப, நூல்ல இருக்கிற முறுக்கு கூட தெரிஞ்சுது, அப்பதான் எனக்கு ஏன் மூத்திரப்பை, பிராஸ்டேட் பாக்குற யூராலஜி டாக்டருங்க இதை இவ்வளவு கொண்டாடுறாங்கன்னு புரிஞ்சுது.

அப்பாவுக்கு என்ன லாபம்? வயித்துல அஞ்சாறு ஓட்டை, ஒவ்வொண்ணும் 8 மில்லிமீட்டர் சுமாருக்கு, எடுத்த சதையை வெளிய கொண்டுவர ஒண்ணை மட்டும் கொஞ்சம் பெருசாக்குவாங்க. ரத்தம் போறது கிழிச்சுப் பண்றதை விட நல்லாவே குறைவு, ரத்தம் ஏத்த வேண்டிய தேவையும் குறையுது. மறுநாளே எழுந்து நடக்கலாம், ரெண்டு மூணு நாள்ல வீடு. மூத்திரம் வடிய மாட்டி விடுற குழாய் மட்டும் ஒரு வாரம் பத்து நாள் இருக்கும். மெலட்டூர் பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவரை நான் இப்படி அனுப்பி வச்சேன், ஆறாம் நாள் தையல் காட்ட என்கிட்ட வந்தார், அந்தக் குழாயோட மூத்திரம் சேர்ற பையை ஒரு மஞ்சப்பைக்குள்ள வச்சு கையில தொங்கவிட்டுக்கிட்டு நடந்தே வந்தார், காலையில வரப்புல ஒரு சுத்து போயிட்டு வந்தேன் சார்னு சொன்னார். அதே நோய்க்கு பதினைஞ்சு வருஷம் முன்னாடி கிழிச்சு எடுத்த ஒருத்தர் ரெண்டு வாரம் கட்டில்ல குப்புறக்கூட படுக்க முடியாம கிடந்ததை நான் பாத்திருக்கேன்.

ஆனா ஒண்ணு சொல்லாம விட்டா நான் உங்களுக்கு துரோகம் பண்ணினவன் ஆயிடுவேன். ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன்ல 300க்கு மேற்பட்ட ஆம்பளைங்களை சீட்டுக் குலுக்கிப் பிரிச்சு, பாதிப்பேருக்கு ரோபோ, பாதிப்பேருக்கு கிழிச்சு ஆபரேஷன்னு பண்ணிப் பாத்தாங்க, 2016ல முடிவு வந்துச்சு. மூணு மாசம் கழிச்சு மூத்திரம் அடக்குறதுலயும் தாம்பத்தியத்துலயும் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்துச்சு. அதாவது ரத்தம், வலி, ஆஸ்பத்திரி நாள் இதுலதான் ரோபோவுக்கு நிச்சயமான லாபம், மத்தது கன்சோல்ல உட்கார்ற டாக்டரோட கையில இருக்கு. அதனால திருச்சி டாக்டர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க: இதே ஆபரேஷன் நீங்க ரோபோவுல எத்தனை பண்ணியிருக்கீங்க, மூத்திரம் கட்டுப்பாடு ஒரு வருஷத்துல எத்தனை பேருக்கு வந்துச்சு. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். இன்னொண்ணும் கேளுங்க, ரேடியேஷன் வச்சு அப்பாவுக்கு முடியுமான்னு, வீரியம் ரொம்பக் குறைஞ்ச கேன்சரா இருந்தா பிஎஸ்ஏங்கிற ரத்த டெஸ்ட் பாத்துக்கிட்டே இருந்தா போதுமான்னு. அப்பாவை மூத்திரத்தை அடக்குற சதையை இறுக்கி விடுற பயிற்சியை இப்பவே ஆரம்பிக்கச் சொல்லுங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் கத்துக்கிறதை விட முன்னாடியே பழகிட்டா சுலபம். பீடி சிகரெட் இருந்தா இன்னைக்கே நிறுத்தணும். சாப்பிடுங்க எல்லாரும் முதல்ல.

அம்மாவுக்கு பித்தப்பையில கல். ஒரு ஆஸ்பத்திரியில ரோபோதான் பெஸ்ட், லேப்ரோ பழசுன்னு சொல்லி பெரிய தொகை சொல்றாங்க. நகையை வச்சிடலாம்னு இருக்கேன். (மகள், கும்பகோணம்)

வைக்காதீங்கம்மா.

பித்தப்பை ஆபரேஷன்ல லேப்ரோஸ்கோப்பி பழசு இல்ல, தேறினது. ஜெர்மனியில 1985ல முதல் தடவை பண்ணினாங்க, நம்ம நாட்டுல 1990ல பம்பாய் ஜேஜே ஆஸ்பத்திரியில டாக்டர் டெம்டன் உத்வாடியா ஆரம்பிச்சு வச்சார், முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, இன்னைக்கு கும்பகோணத்துலயே தினமும் நடக்குது. மூணு நாலு சின்ன ஓட்டை, மறுநாள் வீடு, ஒரு வாரத்துல அம்மா சமையக்கட்டுக்குள்ள வந்துடுவாங்க. பித்தப்பை குடத்துக்கு அடியில இருக்கிற சமாச்சாரம் இல்ல, ஈரலுக்குக் கீழ எட்டுற இடத்துல இருக்கு, பெருசா தைக்கிற வேலையும் கிடையாது, கிளிப் போட்டு வெட்டி எடுக்கிறதுதான். அமெரிக்காவுல 10 லட்சம் பேருக்கு மேல பித்தப்பை எடுத்தவங்க கணக்கைப் பாத்து 2023ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல பித்தக் குழாய்ல காயம் பட்டது லேப்ரோவுல 0.2 சதவீதம், ரோபோவுல 0.7 சதவீதம். ரெண்டுமே சின்ன நம்பர்தான், பயமுறுத்துறதுக்காக சொல்லல, ஆனா அதிகமா காசு குடுத்து வாங்குற பொருள் குறைஞ்சபட்சம் சமமாவாவது இருக்கணும் இல்லையா.

போன வருஷம் மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு குடும்பம் இதே கேள்வியோட வந்தாங்க, ஆனா வட்டிக்கு வாங்கி கட்டி முடிச்சிட்டு வந்தாங்க, ஆபரேஷன் நல்லபடியாதான் முடிஞ்சிருந்துச்சு, அந்தப் பையன் பில்லை என் மேஜையில வச்சு இதுல ரோபோ சார்ஜ்னு தனியா போட்டிருக்காங்களே சார் இது இல்லாம முடியாதான்னு கேட்டப்ப எனக்கு பதில் சொல்ல நாக்கு எழும்பல. முன்னாடியே ஒரு போன் பண்ணியிருக்கலாம். அதனாலதான் உங்க கடிதாசிக்கு இவ்வளவு அவசரமா பதில் எழுதுறேன். அம்மாவுக்கு காமாலை, குளிர் ஜுரம், வலது விலாவுக்குக் கீழ விடாத வலி இருந்தா மட்டும் நாள் தள்ளாதீங்க.

கஜா புயல்ல எங்க ஊர்ல வாரக்கணக்குல கரண்டு இல்ல. ஆபரேஷன் நடுவுல கரண்டு போனா ரோபோ அப்படியே நின்னுடுமா? (வேதாரண்யம்)

2018 நவம்பரை யாரு மறப்பா, கேள்வி நியாயமானது. தியேட்டருக்கு எப்பவும் ஜெனரேட்டர், யூபிஎஸ் ரெண்டும் இருக்கும், அது போக மெஷினுக்குள்ளயே பேட்டரி உண்டு, கொஞ்ச நேரம் தாங்கும். எல்லாமே போச்சுன்னு வச்சுக்கிட்டாலும் பக்கத்துல நிக்கிற டாக்டர் இடுக்கிகளை கையால வெளிய எடுத்துட்டு, சாதாரண லேப்ரோவாவோ வயித்தைத் திறந்தோ முடிச்சிடுவார், அதுக்கான சாமான் எல்லாம் எப்பவும் பக்கத்து டேபிள்ல விரிச்சு வச்சிருப்பாங்க. ஒண்ணு சேர்த்துக்கிறேன், உள்ள ஒட்டல் அதிகமா இருந்தாலோ ரத்தம் வந்தாலோ டாக்டரே ஓட்டையை விட்டுட்டு கிழிச்சுப் பண்ண முடிவெடுக்கலாம். ஆபரேஷன் முன்னாடி கையெழுத்து வாங்குற பேப்பர்ல அது இருக்கும். அப்படி மாத்தினா ஆபரேஷன் தோத்துப் போச்சுன்னு நினைக்காதீங்க, அந்த நேரத்துல அதுதான் உயிரைக் காப்பாத்துற முடிவு.

பேரு போட வேண்டாம் சார். எனக்கு 46 வயசு. கர்ப்பப்பையில எட்டு சென்டிமீட்டர் கட்டி, தீட்டு நாள்ல துணி மாத்தி மாளல, ரத்தம் ஏழரைதான் இருக்காம். கர்ப்பப்பையை எடுக்கணும்ங்கிறாங்க, ரோபோ, லேப்ரோ, கிழிச்சு மூணுல எதுன்னு என்னையே முடிவு பண்ணச் சொல்றாங்க. நான் நடவுக்கும் களைக்கும் போறவ. எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? (பாபநாசம்)

அம்மா, மூணுல எதுங்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை இருக்கு. ஏழரை ரத்தத்தோட யாரும் உங்களை அவசரமா மேஜையில ஏத்தக்கூடாது, இரும்புச்சத்து ஊசி போட்டா சில வாரத்துல நல்லா ஏறும், அதுவரைக்கும் ரத்தப்போக்கை நிறுத்த மாத்திரை இருக்கு. அடுத்தது, கர்ப்பப்பை வாயில பாப் ஸ்மியரும், உள் சுவத்துல சதை எடுத்து டெஸ்ட்டும் பண்ணிட்டாங்களான்னு கேளுங்க. இது ஏன் முக்கியம்னா, கட்டி சாதாரண நார்க்கட்டியா இருக்கிறவரைக்கும் ஓட்டை போட்டுப் பண்றது நல்லது, ஆனா கர்ப்பப்பை வாயில கேன்சர்னா கதையே வேற. 2018ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, பல நாட்டுல 631 பெண்கள், கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, நாலரை வருஷம் கழிச்சு நோய் திரும்பாம இருந்தது கிழிச்சுப் பண்ணினவங்கள்ல 96.5 சதவீதம், லேப்ரோவும் ரோபோவும் சேர்ந்த பக்கம் 86 சதவீதம். உலகமே சின்ன ஓட்டைதான் நல்லதுன்னு நம்பிக்கிட்டிருந்த நேரத்துல அந்த முடிவு எங்க எல்லாரையும் உலுக்கிடுச்சு. அதுலேர்ந்து அந்த நோய்க்கு பெரிய கீறல்தான் பொதுவா பண்றது. அதனால டெஸ்ட் இல்லாம எந்த முறையும் கிடையாது.

டெஸ்ட் எல்லாம் சரியா வந்து, எடுத்துதான் ஆகணும்னா (46 வயசுல தீட்டு நிக்கப்போற காலம், ஹார்மோன் வச்ச காப்பர்டி மாதிரி ஒரு சாதனம் வச்சு சமாளிக்க முடியுமான்னும் ஒரு வார்த்தை கேளுங்க, எட்டு சென்டிமீட்டர் எந்தப் பக்கம் இருக்குங்கிறதைப் பொறுத்தது), அப்ப நாலாவது வழி ஒண்ணு இருக்கு, அதை உங்ககிட்ட யாரும் சொல்லல போலருக்கு. வயித்துல ஒரு ஓட்டையும் இல்லாம கீழ்வழியாவே கர்ப்பப்பையை எடுக்கிறது. பழைய முறை, செலவு கம்மி, முடியுற உடம்புக்கு அதுதான் முதல்ல யோசிக்க வேண்டியது. அது முடியலைன்னா லேப்ரோ. சாதாரண கட்டிக்கு லேப்ரோவுக்கும் ரோபோவுக்கும் நோயாளி குணமாகுறதுல பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டு மூணு சிசேரியன் ஆகி உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கு, உடம்பு ரொம்ப கனம், கட்டி ரொம்ப பெருசு, இல்லன்னா சின்ன வயசுப் பொண்ணு, கர்ப்பப்பையை வச்சுக்கிட்டு கட்டியை மட்டும் எடுத்து பல அடுக்கா தைக்கணும், இந்த மாதிரி இடத்துல ரோபோ மணிக்கட்டுக்கு மதிப்பு இருக்கு. முட்டைப்பையையும் சேர்த்து எடுக்கப்போறாங்களான்னு கட்டாயம் கேளுங்க, நல்லா இருந்தா உங்க வயசுல விட்டு வைக்கிறது எலும்புக்கும் மனசுக்கும் நல்லது.

ஓட்டை போட்டுப் பண்ணினா முழிச்சதும் தோள்பட்டை வலிக்கும், பயப்படாதீங்க. வயித்தை உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு ஏத்துவாங்க, அது கொஞ்சம் மிச்சமிருந்து உதரவிதானத்தை உரசும், அந்த நரம்பு தோள்ல போய் வலிக்க வைக்கும், நடக்க நடக்க ரெண்டு நாள்ல போயிடும். வீட்டு வேலை ரெண்டு வாரத்துல மெதுவா. ஆனா நடவு அப்படி இல்ல, குனிஞ்சே நிக்கணும், சேத்துல காலை இழுத்து வைக்கணும், நாத்துக்கட்டு தூக்கணும், எந்த முறையில பண்ணினாலும் உள்ள போட்ட தையல் ஆறுறதுக்கு ஆறு வாரம் வேணும், தண்ணிக்குடம் கூட தூக்கக்கூடாது, கிழிச்சுப் பண்ணினா எட்டு வாரம்னு வச்சுக்குங்க. புருஷனோட சேர்றதும் ஆறிலேர்ந்து எட்டு வாரம் கழிச்சுதான், இதை வெக்கப்படாம அவர்கிட்ட டாக்டரையே சொல்லச் சொல்லுங்க. சின்ன ஓட்டையைப் பாத்து ஒண்ணுமே ஆகலைன்னு மாமியாரும் மேஸ்திரியும் பத்தாம் நாளே வயலுக்குக் கூப்பிடுவாங்க. வெளிய ஓட்டை சின்னது, உள்ள பண்ணின வேலை அதே அளவுதான், அவங்ககிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

எனக்கு குடலிறக்கம். சம்பா அறுப்பு வருது. ரோபோவுல பண்ணினா சீக்கிரம் மூட்டை தூக்கலாமா? (ஒரத்தநாடு)

ரோபோ எல்லாம் வேண்டாங்க. முதல் தடவை வர்ற ஒரு பக்க இறக்கத்துக்கு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக ஊசி போட்டு, சின்ன கீறல்ல வலை வச்சுத் தைச்சாலே போதும், லேப்ரோவும் நல்லது. கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ, அதைத் தூக்க நாலிலேர்ந்து ஆறு வாரம் எதுல பண்ணினாலும் ஆகும். நடவும் களையும் முடிஞ்சு அறுப்புக்கு முன்னாடி கிடைக்கிற இடைவெளியில பண்ணிக்கிட்டா கணக்கு சரியா வரும், அறுப்பு தலைக்கு மேல வந்துட்டா ஆள் வச்சு தூக்குங்க, நீங்க கணக்கை மட்டும் பாருங்க. வீக்கம் உள்ள போகாம கல்லு மாதிரி நின்னு வலிச்சு வாந்தி வந்தா மட்டும் அறுப்பு, ஆடு எதையும் பாக்காம அன்னைக்கு ராத்திரியே தஞ்சாவூர் மெடிக்கலுக்கு வந்துடணும்.

ரோபோ முட்டி மாற்று ஆபரேஷன்னா கிழிக்கவே மாட்டாங்களாமே? (ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

சார், இது பேர்ல மட்டும் சொந்தம், வேலையில வேற. வயித்து ரோபோ டாக்டரோட கைய நீட்டி விடுது. முட்டி ரோபோ எலும்பை எவ்வளவு, எந்தக் கோணத்துல வெட்டணும்னு முன்னாடியே ஸ்கேன்லயோ அங்கயே குறி வச்சோ கணக்குப் போட்டு, டாக்டர் ரம்பம் அந்தக் கோட்டை விட்டு வெளிய போகாம பிடிச்சு வைக்குது. முட்டியைத் திறந்துதான் ஆகணும், உள்ள வைக்கிற உலோகத்தை ஓட்டை வழியா நுழைக்க முடியாதே, தழும்பு ஏறக்குறைய அதே நீளம்தான். கோணம் துல்லியமா வருதுங்கிறது உண்மை. அந்தத் துல்லியத்தால முட்டி அதிக வருஷம் உழைக்குதாங்கிறதுதான் கேள்வி, கொரியாவுல 10 வருஷத்துக்கு மேல ஆட்களைத் தொடர்ந்து பாத்த ஆய்வுல ரோபோவுக்கும் சாதாரண முறைக்கும் வலியிலயோ நடையிலயோ முட்டி தாங்குன காலத்துலயோ வித்தியாசம் தெரியல. அதுக்கப்புறம் மெஷின்கள் மாறியிருக்கு, அதனால இதோட கதவை மூடிட வேண்டாம், ஆனா ரோபோவுக்காகவே அதிகம் குடுக்கிறதை விட, ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு மாசம் வீட்டுக்கு வந்து கால் மடக்க வைக்கிற பிசியோதெரபிஸ்டுக்கு அந்தக் காசைக் குடுத்தீங்கன்னா நீங்க ராஜகோபாலசாமி கோயில் பிரகாரத்தை சீக்கிரமா சுத்துவீங்க.

எங்ககிட்ட முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. ஏழைங்களுக்கு ரோபோ எல்லாம் கிடைக்குமா? (மீனவர் குடும்பம், நாகப்பட்டினம்)

கிடைக்கும். சென்னையில ஓமந்தூரார் தோட்டத்துல, புதுத் தலைமைச் செயலகத்துக்குன்னு கட்டின கட்டடத்துலயே இருக்கிற அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில 2022லேர்ந்து ரோபோ ஆபரேஷன் மையம் நடக்குது. முதலமைச்சர் விரிவான காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. ஆனா தயவுசெஞ்சு நேரா ரயில் ஏறிடாதீங்க. முதல்ல நாகை மெடிக்கல்லயோ தஞ்சாவூர் மெடிக்கல்லயோ காட்டுங்க, லேப்ரோ இங்கயே நடக்குது, ரோபோ தேவைப்படுற நோய்னு அவங்களுக்குத் தோணினா எழுதி அனுப்புவாங்க, அந்தச் சீட்டும், அட்டையும், ஸ்கேன் பிலிமும், சதை டெஸ்ட் ரிப்போர்ட்டும் ஒரே கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. ரிப்போர்ட் மறந்துட்டு போனதாலயே ஒரு முழு நாள் வரிசை வீணாப்போன குடும்பங்களைப் பாத்திருக்கேன்.

தனியார் இன்சூரன்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கும் ஒண்ணு. ரோபோ ஆபரேஷனை நவீன சிகிச்சைன்னு சொல்லி ஒதுக்கித் தள்ளக்கூடாதுன்னு 2019ல இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ விதி போட்டுச்சு, ஆனா இதுக்கு இவ்வளவுதான்னு ஒரு உச்சவரம்பு வச்சுக்க கம்பெனிக்கு அதுல அனுமதி இருந்துச்சு. பாலிசியில அந்த வரியைத் தேடிப் படிச்சு, அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடி எழுத்துல சம்மதம் வாங்குங்க. பில் ஏன் எகிறுதுன்னா, உள்ள போற இடுக்கி ஒவ்வொண்ணும் இத்தனை தடவைதான்னு கணக்கு வச்சது, அந்த எண்ணிக்கை முடிஞ்சா மெஷினே அதை ஏத்துக்காது, புதுசுதான் மாட்டணும். நம்ம நாட்டுலயே குருகிராம்ல எஸ்எஸ்ஐ மந்த்ரான்னு ஒரு ரோபோ தயாராகுது, இப்படிப் போட்டி வந்தா விலை இறங்கும்ங்கிற நம்பிக்கை எனக்கு இருக்கு.

நான் பிளஸ் டூ. டாக்டர் ஆகணும். டாக்டர் அமெரிக்காவுல இருந்துக்கிட்டு திருவாரூர்ல ஆபரேஷன் பண்ண முடியுமா சார்? (மாணவி, திருவாரூர்)

2001 செப்டம்பர் 7 அன்னைக்கு நியூயார்க்ல உட்கார்ந்துக்கிட்டு ஜாக் மாரஸ்கோங்கிற சர்ஜன், பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க்ல படுத்திருந்த 68 வயசு பெண்மணியோட பித்தப்பையை எடுத்துட்டார் பாப்பா, கடல் தாண்டி, கடலடியில போன கேபிள் வழியா. நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே. 2025 ஜனவரியில நம்ம ஊர் மந்த்ராவை வச்சு குருகிராம்லேர்ந்து ஜெய்ப்பூர்ல இருந்தவருக்கு இதய ஆபரேஷன் பண்ணினாங்க. ஆனா ரெண்டு தடவையும் நோயாளி பக்கத்துல ஒரு முழு டீம் தயாரா நின்னுது, அவங்க இல்லாம இது நடக்காது. திருவாரூருக்கு அந்த பக்கத்துல நிக்கிற டாக்டர்தான் முதல்ல வேணும், நீ அதுவா வா, கன்சோல்ல அப்புறம் உட்காரலாம். முடிச்சுப் போட இப்பவே பழகு, நூலை கதவுக் கைப்பிடியில கட்டி இடது கையால.

அப்பாவுக்கு குடல்ல கட்டி எடுத்து ரோபோ ஆபரேஷன் முடிஞ்சு வந்திருக்கார். பாட்டி தயிர் குடுக்கக்கூடாது, பச்சைத்தண்ணி கூடாது, புண்ணு சீழ் வைக்கும்னு பூண்டுக்குழம்பும் சுட்ட அப்பளமும் மட்டும் போடுறாங்க. எழுந்து நடக்கவும் விட மாட்டேங்கிறாங்க. (மகள், மயிலாடுதுறை)

பாட்டி மேல கோவப்படாதீங்கம்மா, அவங்க காலத்துல மருந்து கம்மி, பத்தியம்தான் இருந்துச்சு, அந்த அக்கறையிலதான் சொல்றாங்க. ஆனா குடலைத் தைச்சிருக்கிற ஆளுக்கு புண்ணு ஆற புரதம் வேணும். ஆஸ்பத்திரியில எந்தக் கட்டத்துல என்ன குடுக்கலாம்னு எழுதிக் குடுத்திருப்பாங்க, அந்த சீட்டுப்படி போங்க, சாதம் சொல்லியாச்சுன்னா குழைய வடிச்ச சாதத்துல தயிர், வேக வச்ச முட்டை, பருப்புத் தண்ணி, முள்ளெடுத்த கெண்டை மீன் எல்லாம் தாராளமா. முதல் சில வாரம் நார் அதிகம் இருக்கிற கீரைத்தண்டு, தோலோட இருக்கிற கடலை இதெல்லாம் தள்ளி வைங்க. காய்ச்சி ஆறின தண்ணி நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா. சுகர் இருந்தா விட்டு விட்டு பாத்துக்கணும், புண்ணு சீழ் பிடிக்கிறது தயிரால இல்ல, கிருமியால, சுகர் ஏறியிருந்தா அது இன்னும் சுலபமா பிடிக்கும்.

நடக்கிறதுதான் ரொம்ப முக்கியம். படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் உறையும், நுரையீரல்ல சளி கட்டும், குடல் அசையாம வயிறு உப்பும். ஓட்டை போட்டுப் பண்ணினதோட பெரிய லாபமே சீக்கிரம் எழுந்து நடக்கலாம்ங்கிறதுதான், கட்டில்ல கிடத்தினா குடுத்த காசுல பாதி அங்கயே போச்சு. மூணு பந்து இருக்கிற மூச்சுப் பயிற்சி டப்பா குடுத்திருப்பாங்களே, மணிக்கு ஒரு தடவை பத்து மூச்சு, ஊதுறது இல்ல, உள்ள இழுக்கணும். ஜுரம், வயிறு கல்லு மாதிரி ஆகுறது, வாந்தி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, ஓட்டையிலேர்ந்து நாத்தத்தோட நீர் வர்றது, இதுல எது வந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, பண்ணின டாக்டருக்கு அப்பவே போன் போடுங்க.

பாட்டியையும் சேர்த்துக்குங்க. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அப்பா திண்ணையிலேர்ந்து கொல்லை வரைக்கும் காலையில மூணு தடவை, சாயந்திரம் மூணு தடவை நடக்கட்டும், பூண்டுக்குழம்பையும் விட வேண்டாம், காரத்தை மட்டும் பாதியாக்கி தயிர்சாதம் பக்கத்துல வைங்க.